ஊர் என்றால் யார் யார்?

1

நான் குடியிருக்கும் இந்தச் சிறுநகரின் நகராட்சி அலுவலகத்தில் ஒரு பெண் இருக்கிறாள். சனிக்கிழமைச் சந்தையில் பார்த்தால் என்னோடு பிரெஞ்சில் வாய் ஓயாமல் பேசுவாள். தக்காளி விற்கிற விலை, மாமியார் படுத்துகிற பாடு, ஒன்றையும் விடமாட்டாள். அதே பெண் திங்கட்கிழமை கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் பிரெஞ்சில் ஒரு சொல் வராது. டச்சு மட்டும்தான். தெரியாமல் இல்லை. பேசக் கூடாது, அவ்வளவுதான். சட்டம் அப்படி.

பெல்ஜியம் என்றால் நம் பக்கத்தில் பாதிப் பேர் அது எந்த நாட்டில் இருக்கிறது என்று கேட்பார்கள். அதனால் சொல்லிவிடுகிறேன். வடக்கே டச்சு பேசுகிறவர்கள், தெற்கே பிரெஞ்சு பேசுகிறவர்கள், நடுவில் ஒரு கோடு. தலைநகரத்தில் மட்டும் இரண்டும் செல்லும். நர்ஸ் வேலைக்கு நான் வந்திறங்கியது தலைநகரத்தில். நாக்கைச் சுளுக்கிக்கொண்டு பிரெஞ்சு படித்தேன். பிறகு வாடகை குறைவு என்று கோட்டுக்கு இந்தப் பக்கம் வீடு பார்த்து வந்தோம். வந்த பிறகுதான் தெரிந்தது, கூப்பிடு தூரத்தில் வீடு மாறினாலும் படித்த பிரெஞ்சு செல்லாக்காசு என்று.

போன காந்தி ஜெயந்தி அன்று குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கப் போயிருந்தேன். இங்கே அன்றைக்கு விடுமுறை கிடையாதே. அவசரத்தில் 'போன்ஜூர்' என்று பிரெஞ்சு வணக்கம் வாய் தவறி வந்துவிட்டது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே தலைக்கு மேலிருந்த டச்சு அறிவிப்பைக் காட்டினாள். சரி தாயே என்று, தெரிந்த டச்சில் என் அட்டை காலாவதியாகிவிட்டது என்று சொல்லப் பார்த்தேன். நான் காலாவதியாகிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். பின்னால் வரிசையில் நின்ற கிழவர் கொல்லென்று சிரித்தார்.

சிரிப்பு அடங்குவதற்குள் போன் வந்தது. அண்ணி. அங்கே காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், எங்கள் ஊராட்சியின் தலைவர் என் அண்ணன் மனைவி சுகந்திதான். அன்றைக்குக் கிராம சபைக் கூட்டம். ஊராட்சி பிறந்த நாளிலிருந்து முதல்முறையாக அது காலனியில் நடக்கிறது. ஒரு மாதமாக எங்கள் வீட்டில் அதைத் தவிர வேறு பேச்சில்லை.

"ஸ்டெல்லா, யாருமே வரலம்மா" என்றாள். "ஊர்லர்ந்தும் வரல. நம்ம ஜனமும் வரல. சேருங்க மட்டும் உக்காந்துக்கினு இருக்குது."

அண்ணி லேசில் அழுகிற ஆள் இல்லை. அன்றைக்கு அழுதாள். கவுன்ட்டர் பெண் என்னைப் பார்த்து, சட்டத்தையெல்லாம் மறந்து, மெல்லிய குரலில் பிரெஞ்சில் கேட்டாள், "வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

2

யாருக்கு உடம்பு சரியில்லை என்றால், என் அம்மாவுக்கு. இதயம் வீங்கியிருக்கிறது. நான் நர்ஸ், ரிப்போர்ட்டைப் பார்த்தாலே எனக்குத் தெரியும், யாரும் பக்குவமாகச் சொல்ல வேண்டியதில்லை. கிராம சபைக்கும் அம்மாவின் இதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது.

என் மகள் ஜெனி இங்கே பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் டச்சு, தோழிகளோடு பிரெஞ்சு, சமையலறையில் மட்டும் தமிழ். அதுவும் சோறு, குழம்பு, தூங்கு, எழுந்திரு அளவுக்குத்தான். சின்ன வயதில் ஒருமுறை என்னிடம் கேட்டாள்.

"அம்மா, ஊர்னா கிராமம்தானே?"

"ஆமா."

"ஆயா ஊர்லதானே இருக்காங்க?"

"இல்லடி. ஆயா காலனியில இருக்காங்க. ஊர் அந்தப் பக்கம்."

"ரெண்டும் ஒரே கிராமம்னு சொன்னியே?"

"ஒரே கிராமம்தான். ஆனா ஊர் வேற, காலனி வேற."

குழந்தை என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. நமக்குத் தமிழ் வரவில்லையோ என்று நினைத்துக்கொண்டது பாவம். தப்பு அவள் தமிழில் இல்லை. எங்கள் பக்கத்தில் அந்தச் சொல் அப்படித்தான். ஊர் என்றால் நெசவுக்காரத் தெருக்கள், கோயில், குளம். அதில் நாங்கள் சேர்த்தியில்லை. 'ஊருக்குப் போய் வரேன்' என்று எங்கள் அம்மா சொன்னால் அரை பர்லாங் நடந்து மளிகைக் கடைக்குப் போகிறாள் என்று பொருள். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். எங்கள் கிராமம் பிறக்கும்போதே ரெண்டுபட்டதுதான். எந்தக் கூத்தாடியும் கொண்டாடி நான் பார்க்கவில்லை.

எங்கள் கல்லறை ஏரிக்கு அந்தப் பக்கம். நேராகப் போனால் நெசவுத் தெரு வழியாகப் போகலாம். போக முடியாது, போகக் கூடாது. சவப்பெட்டியை ஏரிக்கரையைச் சுற்றித்தான் எடுத்துப் போக வேண்டும். நான் நர்சிங் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு மழைக்காலத்தில் கரை உடைந்துவிட்டது. வேறு வழியில்லாமல் ஒரு பெரியவரின் உடலை நெசவுத் தெரு வழியாகத் தூக்கிப் போனார்கள். போகும்போது யாரும் எதுவும் சொல்லவில்லை. திரும்பி வந்து குளித்துக்கொண்டிருந்தபோது, 'ஊர் வருது! ஊர் வருது!' என்று தெருமுனையில் ஒருத்தி அலறினாள். கல், கட்டை, மண்ணெண்ணெய். என் அண்ணனுக்கு நெற்றியில் தையல் போட்டது அன்றைக்குத்தான். நாலு கூரை எரிந்தது. போலீஸ் வந்து இரண்டு பக்கமும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. அதன் பிறகு யாரும் நெசவுத் தெரு பக்கம் பெட்டியோடு போகவில்லை.

அப்பா செத்ததும் ஒரு ஐப்பசியில்தான். எனக்கு லீவு கிடைக்கவில்லை. வீடியோவில் பார்த்தேன். கரையெல்லாம் சேறு. தூக்கிப் போனவர்களின் கால் முழங்கால் வரை புதைந்து, பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அண்ணன் பாய்ந்து பிடித்தான். நான் இங்கே சமையலறையில் நின்றுகொண்டு, பிடிங்கடா, பிடிங்கடா என்று கத்தினேன். யாருக்குக் கேட்கும்? அம்மாவையும் அந்த வழியில் அப்படித் தூக்கிப் போவதை என்னால் பார்க்க முடியாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான், ஒரு பாதை. நெசவுத் தெருவுக்குப் பின்னால் புறம்போக்கில் ஒரு பாதை போடக் கிராம சபை தீர்மானம் போட்டால் போதும் என்று ஒன்றிய அலுவலக அதிகாரி அண்ணியிடம் சொல்லியிருந்தார். தீர்மானம் போட ஆள் வேண்டும். அதற்குத்தான் அந்தக் கூட்டம்.

3

அண்ணி தலைவரானது ஒதுக்கீட்டால். பட்டியல் இனத்துப் பெண்ணுக்கு என்று அந்த முறை எங்கள் ஊராட்சியை ஒதுக்கிவிட்டார்கள். ஊர்க்காரர்கள் பார்த்தார்கள், காலனியிலேயே வாய் செத்தவள் யார் என்று தேடி, ஏனாத்தூர் கல்லூரிக் கேன்டீனில் தோசை ஊற்றிக்கொண்டிருந்த சுகந்தியைக் கண்டுபிடித்து ஓட்டுப் போட்டார்கள். வாய் செத்தவளா அவள்! எங்கள் வீட்டில் கேட்டிருக்கலாம்.

துணைத்தலைவர் நெசவுத் தெருக்காரர். தனசேகர் என்று பெயர். சொந்தத் தறி வைத்திருக்கிறார், பிள்ளையார்பாளையத்துக்குப் புடவை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். ஆனால் அண்ணியை அவர் 'நீ' என்றும் சொல்வதில்லை, 'நீங்க' என்றும் சொல்வதில்லை. 'நீ' என்றால் வழக்கு வரும். 'நீங்க' என்றால் நாக்கு வெந்துவிடும். அதனால் ஆளே இல்லாத ஒரு தமிழ் பேசுவார். "கையெழுத்து போட்டா தேவல." "நாளைக்கு ஆபீசு தொறந்தா நல்லாருக்கும்." "சாப்புட்டாச்சா?" இப்படியே மூன்று வருஷம் ஓட்டிவிட்டார். இது லேசுப்பட்ட வேலை இல்லை, நீங்கள் ஒருநாள் முயன்று பாருங்கள்.

ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் தெருவிளக்கு எரியும், மோட்டார் ஓடும். அதனால் பிடிக்கிறதோ இல்லையோ, இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தாக வேண்டும். முதல் ஆறு மாதம் அவர் நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டார். பிறகு முழங்கால் வலி வந்தது. உட்கார்ந்தார். அண்ணி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

கிராம சபையை ஒவ்வொரு குடியிருப்பிலும் மாற்றி மாற்றி நடத்த வேண்டும் என்பது விதி. எங்கள் ஊராட்சியில் அந்த விதி கோயில் மைதானத்தைத் தாண்டி வந்ததேயில்லை. காலனி ஜனம் மைதானத்து ஓரமாக வேப்பமரத்தடியில் நின்று கேட்டுவிட்டுப் போகும். அண்ணி பிடிவாதமாகக் காலனி சமுதாயக் கூடத்துக்கு மாற்றினாள். முதல்நாள் ஆட்டோவில் மைக் கட்டி அறிவிப்பு. எழுதிக் கொடுத்தது அவளேதான். "ஊர்ப் பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு. நாளை காலை காலனி சமுதாயக் கூடத்தில் கிராம சபைக் கூட்டம் நடைபெறும். ஊர் மக்கள் அனைவரும் திரண்டு வரும்படி கேட்டுக்கொள்கிறோம்." வழக்கமாகப் போடுகிற அதே வாசகம். இடத்தை மட்டும் மாற்றினாள்.

புரிகிறதா, என்ன நடந்தது என்று? ஊர்க்காரர்கள் கேட்டார்கள். காலனிக்கா, நாமா, என்று சொல்லிவிட்டுத் தறியில் உட்கார்ந்துவிட்டார்கள். காலனிக்காரர்கள் கேட்டது வேறு. ஊர் திரண்டு காலனிக்கு வருகிறது! இளவட்டங்களுக்குப் புரியவில்லை, பெரியவர்களுக்குப் புரிந்துவிட்டது. வயசுப் பையன்களை விடிவதற்குள் முசரவாக்கத்துச் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கதவுகளைத் தாழ் போட்டார்கள். என் அம்மா ரேஷன் கார்டையும் பைபிளையும் மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாளாம். மருமகள் நடத்துகிற கூட்டம் என்று தெரிந்தும்!

அண்ணி ஓடிவந்து கேட்டிருக்கிறாள். "அத்தை, இன்னாத்துக்கு இந்தப் பை?"

"ஊர் வருதுன்னு நீதானேம்மா மைக்குல சொன்ன?"

தலையில் அடித்துக்கொண்டாள் அண்ணி. காலனியில் பிறந்து காலனியில் வாழ்க்கைப்பட்டவள், அந்தச் சொல்லில் தன் ஜனம் இல்லை என்பது அவளுக்கே எழுதும்போது தோன்றவில்லை. தலைவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் தானும் ஊர்தான் என்று நினைத்துவிட்டாள். அவளை நான் எப்படித் திட்டுவது? ஆள் குறைவு என்று கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டு, மேற்பார்வைக்கு வந்திருந்த அதிகாரி போய்விட்டார்.

4

அந்த வாரம் எனக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளிக்கு டச்சில் பேச வேண்டிய இடத்தில் தமிழில் "இருப்பா, வலிக்காது" என்று சொல்லி ஊசி போட்டேன். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, தலையாட்டினார்.

வியாழக்கிழமை எங்கள் நகராட்சி மன்றக் கூட்டத்துக்குப் போனேன். பொதுமக்களும் போய் உட்காரலாம், பேசக் கூடாது. இத்தனை வருஷத்தில் அதுதான் முதல்முறை. ஜெனியையும் இழுத்துக்கொண்டு போனேன், மொழிபெயர்க்க. எதற்கு என்று கேட்டாள். எப்படிச் சண்டை போடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்றேன்.

இந்த நாட்டில் மொழிச் சண்டை கொஞ்சநஞ்சம் இல்லை. பெயர்ப் பலகையில் ஒரு மொழியைத் தார் பூசி அழிப்பார்கள். ஒரு பல்கலைக்கழகத்தை இரண்டாகப் பிரித்தபோது நூலகத்துப் புத்தகங்களை ஒற்றைப்படை உனக்கு, இரட்டைப்படை எனக்கு என்று பங்கு போட்டுக்கொண்டதாகச் சொல்வார்கள். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அதற்காக யார் வீட்டுக் கூரையும் எரிந்ததாக நான் கேள்விப்படவில்லை. பள்ளிக்கூடம் எந்த மொழி, குப்பை வண்டி எந்தக் கிழமை, கால்வாய் யார் பொறுப்பு, எல்லாவற்றையும் தலைநகரத்துக்கு விடாமல் கீழேயே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அன்றைக்குக் கூட்டத்தில் ஒரு சைக்கிள் பாதையைப் பற்றி விவாதம். பிரெஞ்சுக்கார உறுப்பினர் கொச்சை டச்சில் திணறித் திணறிப் பேசினார். எதிர் வரிசை டச்சுக்காரர் ஒருவர் இலக்கணப் பிழையை எண்ணி எண்ணிச் சிரித்தார். முன்னவருக்கு முகம் சிவந்தது. வெறுப்பு இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு பேரும் கடைசிவரை உட்கார்ந்திருந்தார்கள். ஜெனி தூங்கிவிட்டாள். எனக்கு வயிறெரிந்தது. இப்படித் தூக்கம் வருகிற மாதிரி சண்டை போட எங்களுக்கு எப்போது வாய்க்கும் என்று நினைத்தேன்.

மறுநாள் அண்ணி போன் செய்தாள். தனசேகர் தரப்பு ஒரு யோசனை சொல்கிறதாம். ஊராட்சியை இரண்டாகப் பிரித்துவிடலாம், ஊருக்கு ஒன்று, காலனிக்கு ஒன்று. அவரவர் வேலையை அவரவர் பார்த்துக்கொள்ளலாம், சண்டையே வராது.

"உங்க நாட்டுல அப்பிடித்தானே பண்ணிக்கினாங்க? நீ இன்னா சொல்ற?" என்றாள்.

எனக்கு முதலில் சபலம் தட்டியது. ஆமாம், அப்படித்தான், அதனால்தான் இங்கே கல் பறக்கவில்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். பிறகு தண்ணீர்த் தொட்டி ஞாபகம் வந்தது.

"அண்ணி, டேங்க் எந்தப் பக்கம்?"

"ஊர்ல."

"ரேஷன் கடை?"

"ஊர்ல."

"நம்ம கல்லறைக்குப் போற வழி?"

"ஊர் பின்னாடி."

"அப்போ நம்ம பங்குக்கு இன்னா வரும்?"

"நான் மட்டும் வருவேன்" என்றாள். சிரித்துவிட்டோம். போனை வைத்த பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். இங்கே பிரித்துக்கொண்டவர்கள் இரண்டு பேர் கையிலும் பள்ளிக்கூடம் இருந்தது, வரி இருந்தது, வேலை இருந்தது. சரிசமமானவர்கள் தனித்தனிச் சமையல் வைத்துக்கொண்டால் அது குடித்தனம். எங்களைத் தனியாக விட்டால் அதற்குப் பெயர் தள்ளிவைப்பது. அதிகாரத்தைக் கீழே கொண்டுபோங்கள் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள், நல்லதுதான். கீழே போனால் யார் வாசலில் போய் இறங்குகிறது என்று பார்க்க வேண்டாமா?

5

நவம்பர் முதல் தேதி மறுபடி கிராம சபை. மறுபடியும் காலனியில்தான் என்று அண்ணி சொல்லிவிட்டாள். இந்த முறை ஆட்டோவில் அவளே உட்கார்ந்து மைக்கைப் பிடித்தாள். "நெசவுத் தெருக்காரங்க, கோயில் தெருக்காரங்க, காலனிக்காரங்க, எல்லாரும் வாங்க. இது நம்ம ஊராட்சி கூட்டம். சண்ட இல்ல, கூட்டம். கூட்டம்!" கடைசிச் சொல்லைக் காலனிக்குள் நாலு தடவை சொன்னாளாம்.

தனசேகருக்குக் கோபம். "ஊர்னு ஒரு வார்த்தை இல்லாம அறிவிப்பா? எங்க பேரையே எடுத்தாச்சு" என்று அலுவலகத்தில் சத்தம் போட்டிருக்கிறார். அவர் வருத்தத்தை நான் கிண்டல் செய்ய மாட்டேன். பிறந்ததிலிருந்து தன்னுடையது என்று நினைத்த ஒரு சொல். அதை எடுத்தால் வலிக்கும்தான். ஆனால் அவர் வரவேண்டிய காரணம் ஒன்று அவர் வீட்டுப் பின்கட்டிலேயே இருந்தது. சாயத்தண்ணீர். பட்டு நூலுக்குச் சாயம் போடுகிற கொட்டகைகளின் கழிவு நெசவுத் தெருவின் பின்பக்கம் தேங்கி நிற்கிறது. மழை வந்தால் சிவப்பும் பச்சையுமாகச் சமையலறைக்குள் வரும். பிள்ளைகளுக்கெல்லாம் சொறி. கால்வாய் வெட்ட வேண்டுமானால் காலனியை ஒட்டிப் போகிற அதே புறம்போக்கு வழியாகத்தான் வெட்ட முடியும், அதற்கும் கிராம சபைத் தீர்மானம் வேண்டும். அவர் மனைவி கேட்டாளாம், "அங்க போனா இன்னா தேஞ்சா பூடுவ? போய்யா."

வந்தார். பத்துப் பதினைந்து ஆட்களோடு. கையில் அவரவர் தண்ணீர் பாட்டில். கூடத்துக்குள் வராமல் வாசலில் நின்றார்கள். அண்ணன் மகன் போனில் எனக்குக் காட்டிக்கொண்டிருந்தான்.

"உள்ள வந்தா தேவல" என்றாள் அண்ணி.

பார்த்தீர்களா? அவர் தமிழையே அவருக்குத் திருப்பிக் கொடுத்தாள். தனசேகர் நிமிர்ந்து பார்த்தார். காலனிப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"இங்கயே இருக்கலாம்" என்றார்.

"வெயில் அடிக்குது."

"அடிக்கட்டும்."

"கையெழுத்து உள்ளதான் போடணும்."

வந்தார். அவர் வந்ததும் மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். உட்காரவில்லை, சுவரோரமாக நின்றார்கள். நாங்கள் வேப்பமரத்தடியில் நின்ற மாதிரி.

பிறகு பேரம். சந்தைப் பேரம் தோற்றுவிடும். கால்வாய் எங்கள் பக்கம் வேண்டாம் என்றார்கள் காலனிக்காரர்கள். அவங்க சாயத்தை நாம ஏன் முகர்ந்து பார்க்கணும் என்று ஒருத்தி எழுந்து கேட்டாள், நியாயம்தானே. பாதை எங்கள் பின்கட்டில் வேண்டாம் என்றது ஊர். இரண்டு மணி நேரம். ஒருவருக்கொருவர் நேராகப் பார்க்காமல், எல்லாவற்றையும் அதிகாரியைப் பார்த்தே சொன்னார்கள். கடைசியில் கண்டுபிடித்தது யார் என்று தெரியவில்லை, ஆளுக்கொருவர் தாங்கள்தான் என்கிறார்கள். கால்வாய் வெட்டுவது, அதன்மேல் கான்கிரீட் பலகை போட்டு மூடுவது. கீழே ஊரின் சாயத்தண்ணீர் போகும். மேலே காலனியின் பாதை போகும். ஒன்று வேண்டாம் என்றால் இரண்டும் கிடையாது.

கையைத் தூக்குங்கள் என்றாள் அண்ணி. சுவரோரம் நின்றவர்கள் தூக்கினார்கள். உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர்தான் தூக்கினார்கள். ஒரு பட்டதாரிப் பையன் எழுந்து, "பெரியம்மா, அவங்க சாக்கடை மேலதான் நம்ம பொணம் போவணுமா? இதுக்குத்தான் நீ தலைவரா?" என்று கேட்டான்.

அண்ணிக்கு முகம் கறுத்துவிட்டது. "ஆமாப்பா, இதுக்குத்தான்" என்றாள். "உங்க தாத்தாவத் தூக்கிக்கினு கரையில விழுந்தியே, மறந்துட்டியா? இப்போ பலகைய வாங்கிக்கலாம். பலகைக்கு மேல இன்னா வேணும்னு அப்பால கேக்கலாம். கைய தூக்கு."

அவன் தூக்கவில்லை. வெளியே போய்விட்டான். தீர்மானம் நிறைவேறியது.

வேலை ஆனியில் முடிந்தது. அரசாங்கப் பதிவேடுகளில் இனிமேல் 'காலனி' என்ற சொல்லே இருக்காது என்கிறார்கள். சந்தோஷம். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு அங்கே என்ன எழுதப்போகிறார்கள் என்று அண்ணியைக் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை.

6

பாதை போட்டாயிற்று என்று அம்மாவிடம் நானே போனில் சொன்னேன். இனி எனக்குக் கவலையில்லை என்றும் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. சாகப்போகிறவளிடம் வழி ரெடி என்று சொல்கிற மகள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அம்மா கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "அவங்க சாயத்தண்ணி மேல என்னை எடுத்துக்கினு போவாதீங்க" என்றாள். "உங்கப்பன் போன வழியிலயே போறேன்."

அண்ணிக்குத் தாங்கவில்லை. மூன்று வருஷம் நாய் படாத பாடு பட்டவள். "அத்தை, உங்களுக்காகத்தானே நான் அவ்ளோ பேச்சு வாங்கினேன்! நீங்களே போவலன்னா வேற எவன் போவான்?"

"செத்தப்புறம் போனா எனக்கு இன்னா தெரியப்போவுது?" என்றாள் அம்மா. "அந்தப் பக்கம் நான் போனதே இல்ல. உசுரோட இருக்கும்போது கூட்டிக்கினு போ."

நான் கத்தினேன். அந்த இதயத்தை வைத்துக்கொண்டு அத்தனை தூரம் நடப்பதா? டாக்டர் எழுந்து நடக்கவே வேண்டாம் என்கிறார். மாத்திரை, ஆக்சிஜன், பிரஷர் என்று எனக்குத் தெரிந்த நர்சிங் மொத்தத்தையும் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டு, "சரி, சாயந்திரம் வெயில் தாழ்ந்தப்புறம் போறேன்" என்றாள். அண்ணி கூட்டிப் போகிறேன் என்றுவிட்டாள். எனக்கும் அம்மாவைத் தடுக்க மனம் வரவில்லை, அதுதான் உண்மை.

இங்கே மதியச் சாப்பாட்டு நேரம். ஆஸ்பத்திரிக் கேன்டீனில் போனைத் தண்ணீர் ஜக்கில் சாய்த்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் மகன் முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டே படம் காட்டினான். அம்மா நல்ல புடவை கட்டியிருந்தாள். அண்ணி கையைப் பிடித்திருந்தாள். பலகைக்குப் பலகை நின்றார்கள். இடது பக்கம் வரிசையாக நெசவுத் தெருவின் பின்கட்டுகள், துணி காய்கிற கொடிகள். தறிச் சத்தம் கேட்டது. ஒரு வீட்டில் சன்னல் சாத்துகிற சத்தமும் கேட்டது. யார் வீடு என்று நான் கேட்கவில்லை.

கொஞ்ச தூரத்தில் பாதையின் மேலேயே ஒருத்தி உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தனசேகரின் மனைவி என்று அண்ணன் மகன் மெதுவாகச் சொன்னான். அம்மாவைப் பார்த்தாள். சட்டென்று எழுந்து, பாத்திரங்களையெல்லாம் வாரிக்கொண்டு, சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். அம்மா அவளைக் கடந்து போனாள்.

"அண்ணி," என்று நான் இங்கிருந்து கேட்டேன், "அந்தம்மா வழி விட்டாங்களா, ஒதுங்கிக்கினாங்களா?"

"தெரியலம்மா" என்றாள் அண்ணி. "நானும் அதைத்தான் பாத்துக்கினு வரேன். மூஞ்சிய பாத்தா தெரியல."

ஏரி தெரிகிற இடம் வரைக்கும் போனார்கள். அம்மா அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. போதும்மா, போதும், ஆட்டோ வரச் சொல்லி வீட்டுக்குப் போங்கள் என்று கெஞ்சினேன். கேன்டீனில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மா மூச்சு வந்ததும் அண்ணியின் கையைத் தட்டினாள்.

"நாளைக்கும் கூட்டிக்கினு வா."